கெர்னல் நிரலில் ஹெடர் கோப்புகள்: எதை எங்கே வைப்பது?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்பலகைகளுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதும் வேலைக்குச் சேர்கிறவருக்கும், நிபோங் திபாலில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் இறுதியாண்டுத் திட்டத்துக்காக லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலைத் திறந்து பார்க்கிற மாணவருக்கும் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. சிப்பின் வேலை புரிந்துவிடும், ரெஜிஸ்டர் பட்டியலும் கையில் இருக்கும். எந்த ஹெடரைச் சேர்ப்பது, சொந்த ஹெடரை எந்த அடைவில் வைப்பது என்பது மட்டும் பிடிபடாது. உடனே பக்கத்து டிரைவரின் முதல் இருபது வரிகளை அப்படியே எடுத்து ஒட்டி, கம்பைல் ஆனால் போதும் என்று விட்டுவிடத் தோன்றும். அந்தப் பழக்கம் பின்னால் எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்குக் கெர்னலின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது, கீழே வருகிறது. கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். சி மொழியில் ஹெடர் என்பது பல '.சி' கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள் உள்ள '.ஹெச்' கோப்பு, வெறும் உரை. '#இன்க்ளூட்' என்று எழுதிய இடத்தில், கம்பைலருக்கு முன் ஓடும் பிரீபிராசசர் அந்தக் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கொண்டுவந்து ஒட்டுகிறது. அந்த ஹெடர் வேறு ஐந்து ஹெடர்களைச் சேர்த்திருந்தால் அவையும் வரும். அவை சேர்த்தவையும் வரும். உங்கள் டிரைவர் நூறு வரிதான் என்றாலும் கம்பைலர் கடைசியில் படிப்பது பல்லாயிரம் வரி. இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கெர்னல் அடைவில் நின்று, 'மேக்' கட்டளைக்குப் பின் உங்கள் கோப்பின் பாதையை எழுதி, கடைசியில் '.சி' என்பதற்குப் பதிலாக '.ஐ' என்று கொடுங்கள். ஒட்டி முடித்த முழு உரையும் ஒரு கோப்பாகக் கிடைக்கும். அதில் உங்கள் வரிகள் அடிமட்டத்தில் ஒரு ஓரமாகக் கிடக்கும். லினக்ஸில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட '.சி' கோப்புகள் இருக்கின்றன. எல்லாரும் சேர்க்கிற ஒரு ஹெடரில் தேவையற்ற ஒரு வரியைக் கூட்டினால், அதைக் கம்பைலர் எத்தனை ஆயிரம் முறை படிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவு தெரிய வேண்டுமா, பெயர் போதுமா?

ஹெடர் ஒழுங்கில் மற்ற எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து வருவதால், இதை நிதானமாகப் பார்ப்போம்.

சுங்கை பினாங்கு ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் ஒரு கருவிக்கு டிரைவர் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'நீர்மட்டம்' என்று ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் வகை. அதற்குள் 'டிவைஸ்' என்ற கெர்னல் ஸ்ட்ரக்டுக்கு ஒரு பாயிண்டர் (நினைவக முகவரி), ஒரு ஸ்பின்லாக் (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுக்கும் பூட்டு), கடைசியாக அளந்த எண் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

பாயிண்டர் எதைச் சுட்டினாலும் அதன் அளவு ஒன்றுதான். 64 பிட் கணினியில் 8 பைட். எனவே 'டிவைஸ்' ஸ்ட்ரக்டுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஹெடரின் மேலே 'ஸ்ட்ரக்ட் டிவைஸ்' என்று எழுதி ஓர் அரைப்புள்ளி வைத்தால் போதும். இப்படி ஒரு பெயர் உண்டு, விவரம் பிறகு வரும் என்று சொல்வதாகப் பொருள். இதை முன்னறிவிப்பு என்போம். 'டிவைஸ்.ஹெச்' என்ற கனமான ஹெடரை உள்ளே இழுக்க வேண்டியதில்லை.

ஸ்பின்லாக் அப்படியில்லை. அது பாயிண்டராக இல்லாமல் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது எத்தனை பைட் என்று தெரியாமல் 'நீர்மட்டம்' எத்தனை பைட் என்று கம்பைலரால் கணக்கிட முடியாது. ஆக முழு வரையறை வேண்டும். ஆனால் வேண்டியது வகையின் வரையறை மட்டுமே. பூட்டுவது, திறப்பது போன்ற செயற்கூறுகள் இந்த இடத்தில் வேண்டாம். இதற்காகவே கெர்னலில் 'ஸ்பின்லாக்_டைப்ஸ்.ஹெச்' என்று ஒரு மெலிந்த ஹெடரும், அதைச் சேர்த்துக்கொண்டு செயற்கூறுகளையும் தருகிற 'ஸ்பின்லாக்.ஹெச்' என்ற பெரிய ஹெடரும் தனித்தனியாக இருக்கின்றன. நினைவக நிர்வாகத்துக்கு 'எம்எம்_டைப்ஸ்.ஹெச்', 'எம்எம்.ஹெச்' என்று இதே அமைப்பு. இணைப்புப் பட்டியலின் முனையான 'லிஸ்ட்_ஹெட்' வகை 'லிஸ்ட்.ஹெச்' கோப்பில் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது இருப்பது 'டைப்ஸ்.ஹெச்' கோப்பில். ஸ்ட்ரக்டுக்குள் ஒரு பட்டியல் முனையை வைக்க விரும்புகிற ஹெடர், பட்டியலைச் சுற்றிவரும் மேக்ரோக்களை எல்லாம் இழுக்கத் தேவையில்லை என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். ஃபிரீபிஎஸ்டியும் இதையே செய்கிறது: 'சிஸ்' அடைவில் 'மியூடெக்ஸ்.ஹெச்' ஒன்று, முன்னால் அடிக்கோடு போட்ட '_மியூடெக்ஸ்.ஹெச்' இன்னொன்று. அடிக்கோடு போட்டதில் வகை மட்டும் இருக்கும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் 'ஸ்டாட்டிக் இன்லைன்' செயற்கூறு, அதாவது உடலோடு ஹெடரிலேயே எழுதப்படுவது. ஹெடரில் எழுதும் சின்னச் செயற்கூறு ஒன்று பாயிண்டரைத் தொடர்ந்து போய் ஸ்ட்ரக்டின் ஓர் உறுப்பைத் தொட்டுவிட்டால், அந்தக் கணமே முழு வரையறை தேவைப்படுகிறது. முன்னறிவிப்பால் மிச்சப்படுத்தியதெல்லாம் போய்விடும். வேகம் உண்மையிலேயே முக்கியமான இரண்டு மூன்று வரிச் செயற்கூறுகளை மட்டும் இன்லைனாக வையுங்கள். மற்றவற்றுக்கு ஹெடரில் அறிவிப்பு மட்டும் போதும், உடல் '.சி' கோப்பில் இருக்கட்டும். கெர்னலில் சில இடங்களில் இன்லைன் செயற்கூறாக இருக்க வேண்டியது மேக்ரோவாக எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது சோம்பலால் வந்ததல்ல. மேக்ரோ பயன்படுத்தும் இடத்தில்தான் விரியும் என்பதால் ஹெடரைப் படிக்கும்போது முழு வரையறை தேவைப்படாது. வகைச் சோதனையை இழக்கிறோம் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

கம்பைலர் சொல்லும் பிழைச் செய்திகளும் இந்தக் கேள்வியையே திருப்பிக் கேட்கின்றன. வகை 'முழுமையற்றது' என்று சொன்னால், பெயர் மட்டும் தெரிந்த இடத்தில் அளவைக் கேட்டிருக்கிறீர்கள். செயற்கூறு 'மறைமுகமாக அறிவிக்கப்பட்டது' என்றால் அறிவிப்பு கண்ணில் படவே இல்லை. 'ஸ்ட்ரக்ட் அளபுருப் பட்டியலுக்குள் அறிவிக்கப்பட்டது, வெளியே தெரியாது' என்று ஓர் எச்சரிக்கை வரும். புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். மேலே ஒரு முன்னறிவிப்பு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பெரிய ஹெடரைச் சேர்த்து எச்சரிக்கையை அடக்காதீர்கள்.

காவல் வரிகள் எதைக் காக்கும், எதைக் காக்காது

ஒரே ஹெடர் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தால் ஸ்ட்ரக்ட் இருமுறை வரையறுக்கப்பட்டுப் பிழையாகும். அதைத் தடுக்க ஒவ்வொரு ஹெடரும் '#இஃப்என்டெஃப்', '#டிஃபைன்' என்ற இரு வரிகளில் தொடங்கி '#எண்டிஃப்' வரியில் முடியும். இவையே காவல் வரிகள். அவற்றில் வரும் காவல் பெயர் ஹெடரின் பாதையை ஒட்டி இருக்க வேண்டும். பழைய ஹெடரை நகலெடுத்து, காவல் பெயரை மாற்ற மறந்துவிட்டால், இரண்டாவதாக வரும் ஹெடர் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் வெற்றுக் கோப்பாகிவிடும். எல்லாம் எழுதியிருக்கிறோமே, ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று திகைக்கிற சமயத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 'ட்ரேஸ்' நிகழ்வுகளுக்கான ஹெடர்கள் மட்டும் வேண்டுமென்றே பலமுறை படிக்கப்படுகின்றன. அவற்றின் காவல் வரி வேறு மாதிரி இருப்பதைப் பார்த்துத் திருத்திவிடாதீர்கள்.

காவல் வரி சுழற்சியைத் தீர்ப்பதில்லை. 'அ.ஹெச்' கோப்பு 'ஆ.ஹெச்' கோப்பைச் சேர்க்கிறது, அது திரும்ப 'அ.ஹெச்' கோப்பைச் சேர்க்கிறது என்றால், காவல் வரி முடிவில்லாத ஓட்டத்தை நிறுத்தும். ஆனால் இரண்டில் ஒன்று, மற்றதன் வரையறை வருவதற்கு முன்பே படிக்கப்பட்டிருக்கும். எது முந்தும் என்பது '.சி' கோப்பு முதலில் எதைச் சேர்த்தது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒரு டிரைவரில் சரியாகக் கம்பைல் ஆவது இன்னொன்றில் உடைகிறது. வரிசையை மாற்றி எழுதி ஒப்பேற்றாமல், இரண்டுக்கும் பொதுவான வகைகளை மூன்றாவது மெலிந்த ஹெடருக்கு நகர்த்துவதே தீர்வு.

இதையெல்லாம் சிறிய அளவில் பார்க்க எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற கற்பித்தல் கெர்னல் மிகப் பொருத்தம். அதன் ஹெடர்கள் சிலவே. 'டெஃப்ஸ்.ஹெச்' என்ற ஒரே கோப்பில் மேலே முன்னறிவிப்புகள், கீழே எல்லாச் செயற்கூறு அறிவிப்புகள். ஹெடர்கள் ஒன்றையொன்று சேர்ப்பதைத் தவிர்த்து, '.சி' கோப்புகளே 'டைப்ஸ்', 'பேரம்', 'ஸ்பின்லாக்', 'ப்ராக்' என்று சரியான வரிசையில் சேர்க்கின்றன. அந்த வரிசையைக் கலைத்துப் போட்டுக் கம்பைல் செய்து, வருகிற பிழைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரு மாலை நேரத்துப் பயிற்சிதான். எந்த ஹெடர் எதைச் சார்ந்திருக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும். லினக்ஸ் அளவுக்கு வளர்ந்த கெர்னலில் அந்த முறை தாங்காது. அங்கே ஒவ்வொரு ஹெடரும் தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த அடைவு?

ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் ஐந்தடி நடைபாதை ஊருக்குப் பொது, கடை வாடிக்கையாளருக்கு, பின்கட்டு வீட்டாருக்கு மட்டும். லினக்ஸ் ஹெடர்களுக்கும் இப்படி மூன்று தளங்கள் உண்டு. புதிய ஹெடர் எதையும் பின்கட்டிலேயே தொடங்குங்கள்.

பின்கட்டு என்பது டிரைவரின் சொந்த அடைவு. 'நீர்மட்டம்.சி' கோப்புக்கு அருகிலேயே 'நீர்மட்டம்.ஹெச்'. இரட்டை மேற்கோளில் பெயரைக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். ரெஜிஸ்டர் முகவரிகள், உள் ஸ்ட்ரக்டுகள் எல்லாம் இங்கே. டிரைவர் ஒரே '.சி' கோப்புதான் என்றால் ஹெடரே வேண்டாம். அந்த வரையறைகளைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதுங்கள். ஒரே ஒருவர் படிப்பதற்கு ஒரு ஹெடர் எதற்கு?

கெர்னலின் வேறு பகுதிகளும் உங்கள் செயற்கூறுகளை அழைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் 'இன்க்ளூட்/லினக்ஸ்' அடைவுக்குப் போங்கள். அப்போதும் மற்றவர்களுக்குத் தேவையான அறிவிப்புகள் மட்டும் போகட்டும், ரெஜிஸ்டர் முகவரிகள் பின்னாலேயே இருக்கட்டும்.

பிராசசருக்கே உரியவை 'ஆர்ச்' அடைவுக்குள், அந்தந்தப் பிராசசரின் 'இன்க்ளூட்/ஏஎஸ்எம்' அடைவில் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான வடிவம் 'ஏஎஸ்எம்-ஜெனரிக்' அடைவில் கிடைக்கிறது. ஒரு பிராசசர் அந்தப் பொது வடிவமே போதும் என்றால் தன் 'கேபில்ட்' கோப்பில் 'ஜெனரிக்-ஒய்' என்று ஒரு வரி எழுதும். சேர்ப்புக் கோப்பு தானாக உருவாகிவிடும். டிரைவர் எழுதுகிறவர் 'ஏஎஸ்எம்' ஹெடரை நேரடியாகத் தொட வேண்டிய தேவை அநேகமாக வராது. 'ஏஎஸ்எம்/ஐஓ.ஹெச்' என்பதற்குப் பதில் 'லினக்ஸ்/ஐஓ.ஹெச்' என்று எழுதுங்கள். எக்ஸ்86 கணினியில் ஓடிய டிரைவர் ஆர்ம் பலகையில் கம்பைல் ஆகாததற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

மின்பலகை வேலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு அடைவு 'இன்க்ளூட்/டிடி-பைண்டிங்ஸ்'. பலகையில் என்னென்ன கருவிகள் உள்ளன என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பும் சி நிரலும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதற்கான இடம் அது. டிவைஸ் ட்ரீ கம்பைலருக்கு சி மொழி தெரியாது, அங்கே பிரீபிராசசர் மட்டுமே ஓடுகிறது. ஆகவே அந்த ஹெடரில் '#டிஃபைன்' வரிகள் மட்டும்தான் இருக்கலாம். ஓர் 'ஈநம்' எழுதினாலும் பலகைக் கோப்பு உடைந்துவிடும்.

ஐந்தடிப் பக்கம்: யுஏபிஐ

பயனர் நிரல்கள் பார்க்கிற ஹெடர்கள் 'இன்க்ளூட்/யுஏபிஐ' அடைவில் இருக்கின்றன; யுஏபிஐ என்பது கெர்னலுக்கும் பயனர் நிரல்களுக்கும் இடையிலான இடைமுகம். முன்பு கெர்னலுக்கு மட்டுமானதும் பயனருக்கானதும் ஒரே கோப்பில் கலந்து, '__கெர்னல்__' என்ற மேக்ரோவால் பிரிக்கப்பட்டிருந்தன; பிஎஸ்டி கெர்னல்களில் '_கெர்னல்' என்ற மேக்ரோவுடன் இன்றும் அந்த முறை இருக்கிறது. லினக்ஸில் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹோவெல்ஸ் இவற்றைத் தனி அடைவாகப் பிரித்தார். 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து அந்தப் பிரிவு இருக்கிறது. 'மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்' கட்டளை இந்தக் கோப்புகளைத் துடைத்து, பயனர் நிரல்களுக்காக நகலெடுத்துத் தரும்.

இங்கே வைத்த எதையும் பிறகு மாற்ற முடியாது என்று எண்ணி எழுதுங்கள். உள் ஹெடரை நாளையே திருத்தலாம், அழைப்பவர்கள் அனைவரும் அதே கெர்னல் மரத்தில்தான் இருக்கிறார்கள். யுஏபிஐ ஹெடரைப் பார்த்துக் கம்பைல் செய்யப்பட்ட நிரல் யாரோ ஒருவரின் கருவியில் பத்தாண்டு ஓடிக்கொண்டிருக்கலாம்.

நம் நீர்மட்டக் கருவியையே எடுத்துக்கொள்வோம். நிலையத்தின் எண்ணுக்கு 32 பிட், அளந்த நேரத்துக்கு 64 பிட் என இரண்டு உறுப்புகளை இந்த வரிசையில் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, ஐஓசிடிஎல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாகப் பயனருக்குத் தருகிறோம். 64 பிட் எக்ஸ்86 கெர்னல் 64 பிட் எண்ணை 8 பைட் எல்லையில் வைக்கும். நடுவே 4 பைட் வெற்றிடம் விழுந்து மொத்தம் 16 பைட். 32 பிட் எக்ஸ்86-க்காகக் கம்பைல் செய்த நிரலில் 4 பைட் எல்லை போதும், ஆக மொத்தம் 12 பைட். ஐஓசிடிஎல் கட்டளை எண்ணுக்குள் ஸ்ட்ரக்டின் அளவும் பொதிந்திருப்பதால், பழைய 32 பிட் நிரலை 64 பிட் கெர்னலில் ஓட்டும்போது எண்களே பொருந்தாது. டிரைவர் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று திருப்பியனுப்பிவிடும். கருவியிலும் பிழையில்லை, கேபிளிலும் பிழையில்லை. தேடித் தேடி அலுத்துப்போவீர்கள்.

இதைத் தவிர்க்க, நிலைய எண்ணுக்குப் பின் 'ரிசர்வ்டு' என்று ஒரு 32 பிட் உறுப்பை நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் 16 பைட் ஆகிவிடும். அந்த உறுப்பில் பயனர் சுழியம் தவிர வேறு எது அனுப்பினாலும் 'ஈஇன்வால்' (தவறான மதிப்பு) பிழை கொடுங்கள். இல்லையென்றால் நாளை அந்த இடத்தைப் பயன்படுத்த நினைக்கும்போது, பழைய நிரல்கள் அங்கே குப்பை மதிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். கம்பைலர் எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறது என்று பார்க்க 'பாஹோல்' என்ற கருவி உதவும்.

வகைகளிலும் கண்டிப்பு வேண்டும். '__யு32', '__யு64' என்று இரட்டை அடிக்கோடு உள்ளவற்றைப் பயன்படுத்துங்கள். வெறும் 'யு32' கெர்னலுக்குள் மட்டுமே உண்டு. 'லாங்' வேண்டாம், அதன் அளவு 32 பிட்டிலும் 64 பிட்டிலும் வேறு. பாயிண்டரை அனுப்ப வேண்டுமென்றால் '__யு64' உறுப்பாக அனுப்புங்கள். கெர்னல் கட்டும்போது தேர்ந்த வசதிகளைக் குறிக்கும் 'கான்ஃபிக்' மேக்ரோக்கள் எதையும் இங்கே சோதிக்கக்கூடாது; பயனர் நிரலுக்குக் கெர்னல் எந்த அமைப்பில் கட்டப்பட்டது என்று தெரியாது. உரிமக் குறிப்பிலும் வேறுபாடு உண்டு: ஜிபிஎல் 2.0 உரிமத்தோடு, லினக்ஸ் சிஸ்டம் கால் விதிவிலக்கு என்ற சேர்க்கையும் எழுதப்பட வேண்டும். இந்த ஹெடரின் காவல் பெயர் '_யுஏபிஐ' என்று தொடங்கட்டும். உள் ஹெடருக்கும் யுஏபிஐ ஹெடருக்கும் ஒரே காவல் பெயர் வைத்தால், உள் ஹெடர் மற்றதைச் சேர்க்கும் நேரத்தில் காவல் ஏற்கனவே பூட்டப்பட்டிருக்கும். யுஏபிஐ பக்கம் காலியாகிவிடும்.

கான்ஃபிக் வெட்டுகள் ஹெடரில்

ஒரு வசதி அணைக்கப்பட்டிருந்தால் அதை அழைக்கும் '.சி' கோப்புகளில் '#இஃப்டெஃப்' நிரப்பாதீர்கள். வசதி இருக்கும்போது உண்மையான அறிவிப்பு, இல்லாதபோது ஒன்றும் செய்யாத 'ஸ்டாட்டிக் இன்லைன்' பொம்மை என இரண்டையும் ஹெடரிலேயே வையுங்கள். இரண்டு தவறுகள் இங்கே அடிக்கடி நடக்கும். பொம்மைக்கு 'ஸ்டாட்டிக் இன்லைன்' போட மறந்தால், சேர்த்த ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிரதி உருவாகி, கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் 'பல வரையறைகள்' என்று நின்றுவிடும். வசதி மாட்யூலாக (பிறகு ஏற்றக்கூடிய தனிப் பகுதியாக) கட்டப்பட்டால் '#இஃப்டெஃப் கான்ஃபிக்_' சோதனை பொய்யாகிவிடும், ஏனெனில் அப்போது வரையறுக்கப்படுவது '_மாட்யூல்' என்று முடியும் வேறு பெயர். 'இஸ்_எனேபிள்டு' மேக்ரோ இரண்டு நிலைகளையும் பார்க்கும்.

ஹெடரில் மாறியை வரையறுப்பதும் இப்படித்தான் கெடும். சாதாரண மாறி லிங்கரில் மோதும். 'ஸ்டாட்டிக்' மாறி அதைவிட மோசம்: மோதாமல், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிப் பிரதியாகிவிடும். ஒரு கோப்பில் கூட்டிய எண் மற்றொன்றில் சுழியமாகவே நிற்கும்.

பயன்படுத்துவதை நீங்களே சேருங்கள்

கெர்னலுக்கு நிரல் அனுப்புவோருக்கான சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு விதி இருக்கிறது: ஒரு வசதியைப் பயன்படுத்தினால் அதை வரையறுக்கும் ஹெடரை நேரடியாகச் சேருங்கள், வேறொரு ஹெடர் இழுத்துவரும் என்று நம்பாதீர்கள். எங்கள் கருத்தில் புதியவர் முதலில் பழக வேண்டிய விதி இதுதான்.

மீறினால் என்ன ஆகும் என்பதை 2010இல் கெர்னலே பார்த்தது. 'பெர்சிபியு.ஹெச்' கோப்பு 'ஸ்லாப்.ஹெச்' கோப்பைச் சேர்த்திருந்தது. அந்தப் 'பெர்சிபியு.ஹெச்' கோப்பையோ 'ஸ்கெட்.ஹெச்', 'மாட்யூல்.ஹெச்' இரண்டும் சேர்த்திருந்தன. விளைவு, நினைவகம் ஒதுக்கும் 'கேமல்லாக்' ஏறக்குறைய எல்லாக் கோப்புகளுக்கும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, பலர் 'ஸ்லாப்.ஹெச்' சேர்க்காமலே அதைப் பயன்படுத்தினார்கள். கெர்னல் நிரலாளர் தேஜுன் ஹியோ அந்த ஒரு சேர்ப்பை நீக்க விரும்பியபோது, முதலில் மரம் முழுவதும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் விடுபட்ட வரியை எழுத வேண்டியதாயிற்று.

2017இல் இன்னொரு கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் 'ஸ்கெட்.ஹெச்' கோப்பைப் பிரித்தபோது 'சிக்னல்_பென்டிங்' போன்றவை 'லினக்ஸ்/ஸ்கெட்/சிக்னல்.ஹெச்' கோப்புக்குப் போயின. 4.11 பதிப்புக்கு மாறும்போது மரத்துக்கு வெளியே பராமரிக்கப்பட்ட டிரைவர்கள் பல அதில் உடைந்தன. பழைய கெர்னலோடு வந்த சிப் டிரைவரைப் புதிய கெர்னலுக்கு நகர்த்துகிற வேலை உங்களுக்கு வந்தால் இந்தப் பிழையை நிச்சயம் சந்திப்பீர்கள். மோல்னாரே 2022 ஜனவரியில் 2,200க்கும் அதிகமான பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஹெடர் சிக்கலை அவிழ்த்தால் கட்டும் வேகம் அமைப்பைப் பொறுத்து 50 முதல் 80 விழுக்காடு கூடும் என்று அதில் காட்டியிருந்தார். அந்தத் தொகுப்பு முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. பகுதிகள் மட்டுமே பிறகு கெர்னலுக்குள் வந்தன. முப்பதாண்டுச் சேர்க்கையை ஒரே மூச்சில் பிரிப்பது அவ்வளவு கடினம்.

உங்கள் ஹெடர் தன்னிறைவானதா என்று சோதிக்க எளிய வழி: உங்கள் '.சி' கோப்பில் அதைத் தற்காலிகமாக முதல் வரியாக வைத்துக் கம்பைல் செய்யுங்கள். உடைந்தால் அது வேறெதையோ நம்பியிருக்கிறது. சரியான பிறகு வழக்கமான வரிசைக்குத் திரும்புங்கள்: 'லினக்ஸ்' ஹெடர்கள் அகரவரிசையில், பிறகு 'ஏஎஸ்எம்', கடைசியில் சொந்த ஹெடர். பின்னர் 'ஆல்நோகான்ஃபிக்' (முடிந்தவரை எல்லாம் அணைத்த அமைப்பு), 'ஆல்மாட்கான்ஃபிக்' (முடிந்தவரை எல்லாம் மாட்யூலான அமைப்பு) இரண்டிலும், எக்ஸ்86, ஆர்ம்64 இரண்டுக்கும் கட்டிப் பாருங்கள். ஒன்றில் தற்செயலாக வந்து சேர்ந்த ஹெடர் மற்றொன்றில் வராது.

பொது ஹெடரிலிருந்து ஒரு சேர்ப்பை நீக்குகிறீர்கள் என்றால் அதை இரண்டு பேட்ச்களாக அனுப்புங்கள். முதலாவதில் அதை நம்பியிருந்த கோப்புகள் ஒவ்வொன்றிலும் நேரடிச் சேர்ப்பை எழுதுங்கள். இரண்டாவதில் மட்டும் பொது ஹெடரின் வரியை எடுங்கள். இரண்டையும் ஒன்றாக அனுப்பி, யாருடைய கணினியிலாவது அரிதான ஓர் அமைப்பு உடைந்தால், முழுவதையும் திரும்பப் பெற வேண்டிவரும். பிரித்து அனுப்பியிருந்தால் கடைசி ஒரு வரியை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, விடுபட்ட கோப்பைத் தேடலாம்.